பத்திரமும் மனிதனும்

ஒரு தாள் மனிதனைக் காக்குமா? காக்கும், சில வேளைகளில் அழிக்கவும் செய்யும். தாய்வழியில் ரோமா இனத்தவரான தோனி காட்லிஃப் இயக்கி, 2009ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கோர்கோரோ’ என்னும் பிரெஞ்சுத் திரைப்படத்தைக் கண்ட இரவில் இவ்வெண்ணம் என்னை உறங்கவிடவில்லை.

கதை நிகழும் ஆண்டு 1943. ‘ஜிப்சிகள்’ என உலகம் இகழ்ந்தழைத்த ரோமா மக்களின் குடும்பம் ஒன்று, குதிரை வண்டிகளில் பிரான்சின் சிற்றூர் ஒன்றிற்கு வருகின்றது. நாடோடிகள் அடையாளக் குறிப்பேடு ஏந்தியே நடமாட வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. 1940 ஏப்ரலில் வந்த ஆணையோ அவர்கள் நடமாடுவதையே தடுத்தது. வழிநடந்து வாழ்ந்தவர்க்கு வழிநடப்பதே குற்றமாயிற்று! அவர்கள் முகாமில் அடைக்கப்படுகின்றனர். கால்நடை மருத்துவரான ஊர்த்தலைவர் தம் குடும்ப வீடொன்றைப் பெயரளவு விலைக்கு அவர்கள் பெயரில் எழுதிவைக்கிறார். சொந்த வீடு உடையவர் நாடோடியாகார் அன்றோ? வீட்டுப் பத்திரம் அவர்களை மீட்கிறது. ஊர்ப் பள்ளி ஆசிரியை அவர்தம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க முனைகிறார்.

ஆனால் தலோஷ் என்னும் இளைஞனால் சுவர்களுக்குள் வாழ இயலவில்லை. குழாய்நீரைத் திறந்துவிட்டு, அது ஓடும் அழகில் விடுதலையைக் காண்பவன் அவன். அவன் முடிவு நெஞ்சைப் பிளக்கின்றது. இது வெறுங்கற்பனையன்று. மோந்த்ரே-பெல்லே முகாமில் இருந்த ஒருவர், சிறு வீடு வாங்கி விடுதலை பெற்றும், அதில் தங்கமாட்டாமல் மீண்டும் புறப்பட்டுப் பிடிபட்டார், திரும்பவேயில்லை. போர் முடிந்த பின்னரும், 1946 வரை, ரோமா மக்கள் சிலர் பிரெஞ்சு முகாம்களில் இருந்தனர். அந்நாட்டு அதிபர் அப்பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 2016இல்தான்.

படத்தின் ஆசிரியையைக் கண்டபோது நான் தலைகுனிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை தம் மகளைப் பள்ளியிற் சேர்க்க வந்தார். பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. “பத்திரம் எடுத்துக்கொண்டு வாருங்கள் ஐயா” என்றேன். நான் சொன்னது சரி என்றே அப்போது நினைத்தேன். அவர் மறுபடி வரவில்லை. நானும் தேடிச் செல்லவில்லை.

முகாமின் கொடுமையும் என் மேசையின் அலட்சியமும் ஒன்றல்ல. ஆயினும், தாளைப் பார்த்து மனிதனைக் காணத் தவறும் கண் இரண்டிலும் உண்டு. இனி அத்தகைய பெற்றோர் வந்தால், விண்ணப்பத்தை நானே உடனிருந்து எழுதுவேன். அலுவலகத்திற்கும் உடன் செல்வேன். ஆசிரியப் பெருமக்களே, பதிவேட்டில் இல்லாத பிள்ளையும் நம் பிள்ளையே.