வரப்பில் நிற்கும் விமானி

மார்கழிக் காலை. அம்மாப்பேட்டைப் பக்கம் சம்பா கதிர் பிடித்து நின்றது. மருந்தடிக்க வந்த இரண்டு பையன்களும் பனி விலகும்வரை ட்ரோனைத் தொடவில்லை. "எதிர் வரப்புத் தென்னை தெரியட்டும் சார்" என்றார் மூத்தவர். புகையான் பூச்சி விழுந்த வயல். வயல்காரருக்கு அவசரம், இவர்கள் அசரவில்லை.

மருந்தடிப்பைவிட ரிமோட் திரையைப் பார்க்கத்தான் போயிருந்தேன். அதில் ஓடும் இத்தனை எண்களில் எதை நம்புகிறார்கள்?

வீட்டிலேயே சிறு விமானம் கட்டுகிறவர்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. தெளிந்த வானில் பகலில் மட்டும் பறப்பவருக்கு வேகமானி, உயரமானி, திசைகாட்டி, எஞ்சினுக்கும் எரிபொருளுக்குமான மானிகள் இருந்தால் போதும். அமெரிக்க விதிகள் பகல் பறப்புக்குக் கேட்கும் பட்டியலில் செயற்கை அடிவானம் கிடையாது. அடிவானம்தான் கண்ணெதிரே இருக்கிறதே. ட்ரோனில் கதை தலைகீழ். சாய்வை அளக்கும் கைரோ இல்லாமல் அது ஒரு நொடிகூட நிற்காது. ஆனால் அந்தக் கணக்கு அதற்குள்ளேயே முடிந்துவிடும், பைலட் பார்க்க வேண்டியதில்லை. விமானிக்கு உயிரான காற்றுவேகமானியோ இதில் இல்லவே இல்லை.

அதனால் காற்றைப் பயிரில்தான் பார்க்கிறார்கள். கதிர்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆட ஆரம்பித்தால் வேலை நின்றுவிடும். மருந்து பக்கத்து வயலுக்குப் போனால் சண்டை யார் வீட்டுக்கு வரும்?

திரையில் மூத்தவரின் கண் ஓயாமல் போவது வோல்ட்டுக்கு. "சதவீதம் சும்மா சார், வோல்ட்தான் நெசம்." செல் ஒன்றுக்கு 4.2 என்றால் நிறைவு. 10 லிட்டர் மருந்தோடு எழும்பும்போது அது சட்டென்று சரிகிறது, 3.6 வந்தால் டேங்கில் மீதி இருந்தாலும் இறக்கிவிடுகிறார். உயரத்துக்குக் காற்றழுத்தமானியைவிடக் கீழ்நோக்கும் ரேடாரை நம்புகிறார். அதிலும் ஒரு சிக்கல்: பயிர் சாய்ந்த இடத்தில் ட்ரோனும் கூடவே தாழும். திசைகாட்டிக்கு இரும்பு ஆகாதென்று டிராக்டரை விட்டுத் தள்ளி நின்றுதான் அதைச் சரிபார்த்தார்கள்.

தஞ்சை விமானப்படைத் தளத்தில் 2020 முதல் சுகோய்-30 படைப்பிரிவு இருக்கிறது. அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து கூப்பிட்டால் ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் இவர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பழகிய வயல்காரருக்கு 10 லிட்டர் எப்படிக் காணும் என்ற சந்தேகம் தீரவில்லை. புகையான் இருப்பது தூரடியில் அல்லவா! பயிரை விலக்கிப் பார்த்துக்கொண்டே, "அடி வரைக்கும் எறங்குதா தம்பி?" என்று கேட்டார். விசிறிக் காற்று இலையை விலக்கிவிடும் என்று பதில் வந்தது. எனக்கும் முழு நம்பிக்கை இல்லை.

அடுத்த ட்ரோனுக்கு என்ன வாங்குவது என்பதில் இருவருக்கும் தகராறு. சின்னவருக்கு முன்கேமரா வேண்டும். "படத்தப் பாத்துட்டு நின்னா ட்ரோன யாருடா பாக்குறது?" என்கிறார் மூத்தவர். கண்பார்வைக்குள் ஓட்ட வேண்டும் என்றுதான் விதியும் சொல்கிறது. அந்தக் காசுக்கு இன்னொரு ஜோடி பேட்டரி என்பது அவர் கட்சி. நானும் அவர் கட்சிதான்.