ஏரியும் ஆவணி மலையும்

மிதிவண்டியில் மலை காணச் செல்வோர், புறப்பட்ட ஊரையும் போய்ச் சேர்ந்த ஊரையும் கணக்கிட்டுச் சொல்வார்கள். இடையே வண்டியை விட்டிறங்கிய இடங்களைச் சொல்வோர் சிலரே. எனக்கோ இறங்கிய இடங்களே நினைவில் நிற்கின்றன. 2022 மாசித் திங்களில் தமையனார் மகனுடன் தங்கவயலிலிருந்து ஆவணி மலைக்குச் சென்று, முல்பாகலில் இரவு தங்கி மறுநாள் மீண்டேன். வழியில் ஓர் ஏரியில் நீந்தினோம். பிறகு மலைமேல் நடந்தோம். மற்றவை வெறும் சாலை.

தங்கவயலில் பிறந்த பிள்ளைகளுக்கு மலை என்றால் சயனைடு மேடுதான். பொன்னைப் பிரித்தபின் கொட்டிய மண், மழையில் அரித்துப் பிளவுபட்டு நிற்பதை அன்பர்கள் அறிவீர்கள். அதன் அடியில் தேங்கும் நீரில் கால் நனைக்கவும் பெற்றோர் விடார். ஏறுவதற்கு ஒரு மலையும் இறங்குவதற்கு ஒரு நீர்நிலையும் வேண்டுமாயின் ஊரைவிட்டு வெளியேறத்தான் வேண்டும். ஆழத்திற்கு மட்டும் நமக்குக் குறைவிருந்ததில்லை. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்படுமுன், சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றிருந்தது.

இராபர்ட்சன்பேட்டையிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் பேத்தமங்கலம் ஏரிக்கரையை அடைந்தோம். முந்தைய நவம்பரில் பெய்த பெருமழையின் நீர் இன்னும் தளும்பி நின்றது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், மதகின் பக்கம் போகலாகாது என்று கன்னடத்தில் எச்சரித்து, ஆழமில்லாத துறையொன்றைக் காட்டினார். அவர் சொற்படி முதலில் கோலால் அடியைத் துழாவிப் பார்த்தோம். கரையோரம் சேறு, நான்கடி உள்ளே சென்றால் மணல். மிதித்துக் காய்ந்த கால்களை அந்தக் குளிர்ந்த நீர் பற்றியபோது உண்டான சுகத்தை எழுத்தில் கொணர எனக்கு இயலாது.

நாங்கள் நீந்தியது பாலாற்று நீர். நந்தி மலைப் பக்கத்தில் தோன்றும் இவ்வாறு, கருநாடகத்தில் 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் கடந்து, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் சென்று வாயலூரருகே கடலில் கலக்கிறது. பேத்தமங்கலத்து ஏரி மிகப் பழையது. உடைந்துபோன கரையை நுளம்ப மன்னன் ஒருவன் பத்தாம் நூற்றாண்டில் கட்டுவித்தான் என்று கல்வெட்டுக் கூறும். பிற்காலத்தில் இங்கிருந்தே தங்கவயலுக்குக் குழாய்வழி நீர் வந்தது. ஆற்றில் நீரில்லை, நிலத்தில் விளைவில்லை என்று ஆம்பூர்ப் பக்கத்துப் பாலாற்றங்கரையை விட்டு வந்த என் பாட்டனார், லைன் வீட்டுப் பொதுக் குழாயில் பிடித்துக் குடித்ததும் அதே ஆற்றின் நீர்தான். ஆற்றைத் துறந்து வந்ததாக அவர் எண்ணியிருப்பார். வந்ததோ அதன் மேற்கரைக்கு.

இதைச் சொன்னதும், மல்லாந்து மிதந்துகொண்டிருந்த பையன் சட்டென்று நிமிர்ந்தான். "அப்படியானால் சித்தப்பா, பாட்டன் ஊருக்குப் போகவேண்டிய தண்ணீரையா நாம் குடித்தோம்?"

"அதில் கொஞ்சம் குடித்திருப்போம்" என்றேன்.

மேலைப் பகுதியில் நீரைத் தேக்குவது பற்றிச் சென்னை அரசும் மைசூர் அரசும் 1892-இல் செய்துகொண்ட உடன்படிக்கையில் பாலாறும் இடம்பெற்றதைச் சொன்னேன். அவன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஆம்பூருக்குப் போனால் உறவினர் அவனைக் கோலார்க்காரன் என்கிறார்கள். இங்கேயோ, சொந்த ஊர் எது என்று கேட்கிறார்கள். பெங்களூரில் வேலைக்குச் சேரவிருந்த அவனுக்கு இந்தக் கேள்வி இனி அடிக்கடி வரும். நெடுநேரம் நீரைவிட்டு ஏறவே அவனுக்கு மனமில்லை.

பிற்பகல் ஆவணியை அடைந்து, தேநீர்க் கடையில் வண்டிகளை ஒப்படைத்தோம். ஊருக்குள் நுளம்பர் காலத்து இராமலிங்கேசுவரர் கோயில்கள். மலையுச்சியில் சீதைக்கு ஒரு கோயில். இலவனும் குசனும் பிறந்த இடம் என்பது இவ்வூர் மரபு. மிதிவண்டி பழகிய முழங்கால் படியேறப் பழகியதன்று. பாதி வழியில் இருமுறை உட்கார்ந்தேன். பையன் பாறைக்குப் பாறை தாவிச் சென்றான்.

உச்சியிலிருந்து தெற்கே நோக்கினால் ஏரி ஒரு வெள்ளிக் கீற்றாகத் தெரிந்தது. அதற்கப்பால் சயனைடு மேடும் தெரிகிறதென்று பையன் சாதித்தான்; என் கண்ணுக்கு எட்டவில்லை. என் தந்தையார் சுரங்கத்தில் 26 ஆண்டு உழைத்தவர். கல்தூசி நுரையீரலில் படிந்து, இன்று வீட்டு வாயிற்படி ஏறவும் மூச்சு வாங்குகிறது. அவருக்கு அங்கிருந்தே தொலைபேசியில் பேசினோம். காண்பவற்றையெல்லாம் பேரன் ஒவ்வொன்றாக அடுக்கினான். அவர் இடையில் நிறுத்தி, "ஏரி நிறைந்திருக்கிறதா?" என்றார்.

"நிறைந்திருக்கிறது, தாத்தா."

"கலங்கல் வழிகிறதா?"

"இப்போது இல்லை, மழையில் வழிந்ததாம்."

"அப்போது ஆம்பூர் வரை போயிருக்கும்" என்றார். மேட்டைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.