காற்றுக் கற்பித்த பாடம்

ஆகாய விமானத்தின் பயன் யாதென வினவின், விரைந்து செல்லுதல் என்பர் பலர். பொறியியலைத் தொழிலாகக் கொண்ட எமக்கு அதன் பெருங்கொடை பிறிதொன்றாகத் தோன்றுகின்றது. அஃது அளந்தறிந்த பின்னரே நம்பும் ஒழுக்கமாம்.

துவிச்சக்கர வண்டி வணிகராகிய ரைற் சகோதரர், முன்னோர் அட்டவணைகளின்படி அமைத்த ஊர்தி போதிய அளவு மேலெழாமை கண்டனர். 1901ஆம் ஆண்டில், ஆறடி நீளப் பெட்டியொன்றினுள் விசிறியாற் காற்றைச் செலுத்தி, ஏறத்தாழ 200 சிறகு மாதிரிகளைச் சோதித்தனர். அவ்வளவீடுகளே 1903இல் அவர்தம் விமானத்துக்கு அடிப்படையாயின.

இம்முறை விமானத்தோடு நின்றுவிடவில்லை. 1940 நவம்பர் 7ஆந் திகதி, அமெரிக்காவின் டக்கோமா தொங்குபாலம், திறந்து நான்கு மாதங்களே சென்றிருக்க, மணிக்கு ஏறக்குறைய 40 மைல் வேகக் காற்றில் முறுகி வீழ்ந்தது. காற்றின் நிலையான அழுத்தத்தைக் கணித்தோர், அது பாலத்தை ஆட்டும் விதத்தைக் கணித்திலர். அதன்பின் நெடும்பாலங்களின் மாதிரிகளும், அப்பெட்டியின் பெருவடிவாகிய காற்றுச் சுரங்கங்களிற் சோதிக்கப்படலாயின.

வரைபடத்திற் கையொப்பமிடுந்தோறும் இதனை நினைக்கின்றோம். அக்கோடுகளின்மேல் நாளை மனிதர் நடப்பர். பொறியியல் பயிலப் புகும் எம் இளஞ் சோதரர்காள்! நூலை மதியுங்கள், ஆயினும் அளந்து பாருங்கள்.