சூடு ஏறட்டும், அப்புறம் பார்க்கலாம்

வேளச்சேரியின் உட்தெரு ஒன்றில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டுமே பார்க்கும் பட்டறை அது. நான்கு கார் நிற்கும் இடம், ஒரு லிஃப்ட், மூன்று பேர். நான் போனபோது ஒரு பழைய கொரோலாவை அப்போதுதான் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஜில்லுனு இருக்கும்போது பார்த்தா அளவு தப்பா காட்டும் சார். சூடு ஏறினா எண்ணெய் விரியும்" என்றார் தலைமை மெக்கானிக். பையன்களுக்கு அவர் அண்ணன்.

வண்டி சமதளத்தில் நிற்கிறது, ஹேண்ட் பிரேக் போட்டாயிற்று. பிரேக்கை மிதித்தபடி லீவரை பி, ஆர், என், டி என ஒவ்வோர் இடத்திலும் சில விநாடி நிறுத்தி நகர்த்தி, மறுபடி பி-க்குக் கொண்டுவந்தார். எண்ணெய் எல்லா வழியிலும் பாய்ந்து நிரம்பிய பிறகுதான் டிப்ஸ்டிக்கை உருவ வேண்டும். அதுவும் இன்ஜின் ஓட்டத்திலேயே. அணைத்துவிட்டால் மேலே ஏறிய எண்ணெய் கீழிறங்கி, இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஹோண்டா போன்ற சிலவற்றில் மட்டும் அணைத்த கையோடு பார்க்க வேண்டும்.

குச்சியைத் திருப்பூர் பனியன் வேஸ்ட்டில் துடைத்தார். நூல் நூலாகப் பிரியும் பஞ்சு வேஸ்ட்டை இந்த வேலைக்குத் தொடவே விடுவதில்லை. ஓர் இழை உள்ளே போனாலும் வால்வில் சிக்கிக்கொள்ளும். குச்சியை மறுபடி விட்டு எடுத்தபோது, 'ஹாட்' என்ற இரு கோடுகளுக்கும் கீழே எண்ணெய் நின்றது. ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டார். நல்ல எண்ணெய் தெளிந்த சிவப்பாக இருக்கும். ஒழுகினால் இன்ஜின் ஆயிலிலிருந்து பிரித்தறியத்தான் அந்தச் சாயம். இந்தச் சொட்டு பழுப்பாகப் பரவியது. விரலில் தேய்த்து முகர்ந்தார். "அழுக்குதான். கருகல. பொழச்சுது."

அந்த ஒரு சொல்லில் பெரிய செலவு தப்பியது. கியர்பாக்ஸுக்குள் காகித நாரால் ஆன உராய்வுத் தட்டுகளை எண்ணெயின் அழுத்தம்தான் இறுக்கிப் பிடிக்கிறது. எண்ணெய் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், தட்டுகள் வழுக்கிக் கருகும். அளவுக்கு மேல் ஊற்றினாலும் சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்கி அதே கேட்டில் கொண்டுபோய் விடும். தட்டு எவ்வளவு வழுக்கலாம், எப்போது பற்ற வேண்டும் என்பதும் எண்ணெயின் கையில் இருக்கிறது. அந்தப் பக்குவத்துக்காக 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் ஸ்பெர்ம் திமிங்கல எண்ணெயைக்கூடக் கலந்தார்கள். எண்ணெய் மாறினால் இந்தப் பக்குவமும் மாறும் என்பதால்தான் இந்தக் கொரோலாவுக்கு டி-4 வகை எண்ணெயைத் தவிர வேறெதையும் அண்ணன் ஊற்றுவதில்லை. சி.வி.டி. வகை கியர்பாக்ஸ் உள்ள வண்டிக்கு எண்ணெயே வேறு.

2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 மிக்ஜாம் புயலையும் பற்றிக் கேட்டேன். சிரிப்பு மறைந்தது. பிரீதர் துளை வழியாகத் தண்ணீர் புகுந்த வண்டிகளில் எண்ணெய் ரோஸ்மில்க் மாதிரி வந்ததாம். தண்ணீர் பட்டால் உராய்வுத் தட்டின் பசை விட்டுப்போகும். "ஸ்டார்ட் பண்ணாம அப்படியே விட்டிருந்தா பாதி வண்டிய காப்பாத்தியிருக்கலாம். இன்ஜின் ஓட்டுற சக்கரம் தரையில உருள இழுத்துட்டு வந்தவங்களும் உண்டு." இன்ஜின் ஓடாவிட்டால் எண்ணெய் பம்ப்பும் ஓடாது. இழுத்து வரும் வழி முழுக்க உள்ளே வறட்சிதான்.

கொரோலாவை லிஃப்டில் ஏற்றினார்கள். கையுறை மாட்டிய தம்பி டிரெயின் போல்ட்டைக் கழற்றி, முகத்தை ஒதுக்கிக்கொண்டான். சூடான எண்ணெய் தோலை உரித்துவிடும். கியர்பாக்ஸின் அடியிலிருக்கும் எண்ணெய்த் தட்டைக் கழற்றியதும் அதிலிருந்த காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு படிந்திருந்தது. இது வழக்கமான தேய்மானம். உலோகச் சில்லு தெரிந்தால்தான் கவலை. இறங்கியதைக் கோடு போட்ட கேனில் அளந்தார்கள்: மூன்று லிட்டர் கூட இல்லை. மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கியிருக்கிறது. இறங்கிய அளவுக்குப் புதிய எண்ணெயை நீளப் புனல் வழியே டிப்ஸ்டிக் குழாயில் ஊற்றினார்கள். குறைவாக இருந்ததை ஈடுகட்ட அதன்பின் ஊற்றியதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, சூடாக்கிக் குச்சி பார்த்துப் பார்த்து.

பக்கத்தில் நின்ற புதிய வண்டிக்குக் குச்சியே கிடையாது. ஸ்கேனரில் எண்ணெயின் சூடு ஏறக்குறைய 40 டிகிரி காட்டும்போது கீழிருக்கும் அளவுத் துளையைத் திறக்க வேண்டும். தாரையாக வழிவது சொட்டாகக் குறைந்ததும் மூடிவிட வேண்டும். 'ஆயுள் முழுக்க எண்ணெய் மாற்ற வேண்டாம்' என்று சொல்லி விற்ற வண்டி அது. ஆனால் அதன் கியர்பாக்ஸைச் செய்யும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. சென்னையின் வெயிலிலும் நெரிசலிலும் ஓடும் வண்டிக்கு அதையும் தள்ளிப்போடுவது அநியாயம்.

அண்ணனுடைய பில்லில் 'செக்கிங்' என்று தனி வரி உண்டு. "சும்மா பார்த்ததுக்கா காசு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சூடு, கோடு, நிறம், வாசனை என்று முக்கால் மணி நேரம் பார்த்ததுதான் அங்கே நடந்த வேலையில் பெரியது. எண்ணெயைக் கடையில் யாரும் வாங்கிவிடலாம். கொரோலாக்காரர் பேரம் பேசாமல் கொடுத்தார். முழுவதும் மாறிவிட்டதா என்று மட்டும் கேட்டார்.

"பாதிதான் சார் மாறியிருக்கு. ஒரு ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, இன்னொரு தடவை இறக்கி ஊத்திடலாம்."