மொட்டைமாடிக்கு வாங்க

தாம்பரம் பக்கத்து வெளிச்சம் எவ்வளவு இருந்தாலும், முடிச்சூர் மாடியிலிருந்து மார்கழி இரவில் கார்த்திகைக் கூட்டம் தெரியும். முருகனை வளர்த்த ஆறு பெண்களின் கதையைத்தான் பிள்ளைகளுக்கு முதலில் சொல்வேன். 440 ஒளியாண்டுக் கணக்கெல்லாம் பிறகு. கதை கேட்ட பிள்ளை தானாக அண்ணாந்து எண்ணத் தொடங்கும்!

ஜவ்வாது மலையில், காவலூர் வைணு பாப்பு வான் ஆய்வகத்தில் சனிக்கிழமை மாலைகளில் பொதுமக்களுக்கும் தொலைநோக்கியில் வானம் காட்டுகிறார்கள். நம் நாட்டிலேயே உருவாக்கி 1986இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. அவசியம் போய் வாருங்கள்.

கல்யாணத்தில் பட்டப்பகலில் அருந்ததி காட்டுகிறோம். சித்திரையில் இரவு எட்டு மணிக்கு மேல் வடக்கே பாருங்கள்: சப்தரிஷி மண்டலத்தின் வால் நடுவில் வசிஷ்டர், ஒட்டினாற்போல் அருந்ததி. நம் தெருப் பிள்ளைகளுக்கு இந்தச் சித்திரையில் நான் காட்டப்போகிறேன். பெரியவர்களும் வரலாம்.