தாங்கித் தண்ணீரில் ஒலியின் வேகம்

உயர்தரத்தில் பௌதிகவியல் எடுத்த பிள்ளைகள் பரிவுக் குழாயை நீரில் அமிழ்த்தி, இசைக்கவையைத் தட்டி, வளியில் ஒலியின் வேகத்தைக் கண்டிருப்பார்கள். குழாயைச் சுற்றி நிற்கிற அந்த நீருக்குள் ஒலி என்ன வேகத்தில் போகும் என்று கேட்டால், புத்தகத்திலுள்ள எண்ணைத்தான் சொல்வார்கள். மாத்தளையில் இந்தப் பாடத்தைப் படிப்பிக்கிற எனக்கு இது நெடுநாள் மனக்குறை.

வாகனத்தின் பின்புறம் பொருத்துகிற நீர் புகாத மீயொலி உணரி அதைத் தீர்த்து வைத்தது. செக்கனுக்கு 40,000 அதிர்வுள்ள சிறு துடிப்பு ஒன்றை அது அனுப்பும். எதிரொலி வர எடுத்த நேரத்தை எண்ணும். ஒலி செக்கனுக்கு 340 மீற்றர் போகும் என்று வைத்துக்கொண்டு அந்த நேரத்தைத் தூரமாக மாற்றிக் காட்டும்.

ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் 3 மீற்றர் நீளச் சீமெந்துத் தாங்கி இருக்கிறது. உணரியை நீருக்குள் இறக்கி எதிர்ச்சுவரைப் பார்க்க வைத்தோம். திரையில் 69 சென்ரிமீற்றர் என்று வந்தது.

"சேர், இது பழுதாப் போச்சு" என்றாள் ஒரு மாணவி.

பழுது எதுவும் இல்லை. கருவிக்குத் தான் நீருக்குள் இருப்பது தெரியாது. 69 சென்ரிமீற்றர் என்றால் போய்வர ஏறக்குறைய 4 மில்லிசெக்கன். உண்மையில் ஒலி ஓடிய தூரம் 6 மீற்றர். அவளே வகுத்தாள். செக்கனுக்கு 1,500 மீற்றருக்குக் கொஞ்சம் குறைய வந்தது. 1826இல் கொலடோனும் ஸ்டூர்மும் ஜெனீவா ஏரியில் நீருக்கடியில் மணியடித்து, 13 கிலோமீற்றருக்கு அப்பால் காது வைத்துக் கேட்டு, 8 பாகை நீரில் கண்ட வேகம் 1,435 மீற்றர். அந்த ஏரியின் வேலையை ஒரு தோட்டத்துத் தாங்கி செய்து முடித்தது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

வாளியில் இதைச் செய்ய முடியாது. துடிப்பை அனுப்பிய பிறகும் உணரி கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். அதற்குள் திரும்பி வருகிற எதிரொலி அதற்குக் கேட்காது. வளியில் 20, 25 சென்ரிமீற்றருக்குள் அகப்படுகிற அந்தச் செவிட்டு நேரத்தில், நீரில் ஒலி ஒரு மீற்றர் தூரம் போய்த் திரும்பிவிடும். நீருக்கு மேலே பிடித்தாலும் பயனில்லை. ஒலிச் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இறங்கும். மீதி மேற்பரப்பிலேயே தெறித்துவிடும்.

வெப்பநிலையைக் கட்டாயம் குறிக்க வேண்டும். அறை வெப்பநிலையை அண்டி, ஒரு பாகை கூடினால் நீரில் வேகம் 3 மீற்றர் அளவில் கூடும். தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட அதேயளவு குறையும். சூடேறினால் திரவங்கள் பொதுவாக அமுக்கத்துக்கு இளகிக் கொடுக்கும், ஒலியும் தளரும். நீரோ சூடேறும்போது முதலில் அமுக்கக் கடினமாகிறது; அதில் ஒலியின் வேகம் 74 பாகை வரை கூடிக்கொண்டே போகும். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடச் சிறந்த ஒன்று இந்தப் பாடத்தில் இல்லை என்பேன்.

கித்துள் பாணியில் கலப்படத்தை ஒலியின் வேகத்தைக் கொண்டு பிடிக்கலாமா என்று ஒரு பையன் கேட்டான். தண்ணீர் கலந்திருந்தால் வேகம் குறையும், பிடிபடும். சீனிப்பாகை அதே தடிப்பில் காய்ச்சிக் கலந்திருந்தால் பிடிபடாது. கித்துள் பாணியிலும் பெரும்பங்கு அதே சீனிதான். அதற்கு வேறு சோதனை வேண்டும் என்றேன். என்ன சோதனை என்று உடனே கேட்டான்.