எத்தனை மணிக்கு நிறுத்துவாய்?

கன்னியாகுமரியிலிருந்து லே வரை பைக்கில் போகக் கிளம்பும் பையன்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு கிலோமீட்டர் ஓட்டலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். சாயங்காலம் எத்தனை மணிக்கு நிறுத்துவாய் என்று நான் திருப்பிக் கேட்பேன். நாலு மணி என்பவன் போய்ச் சேருவான். 'இன்னும் ஒரு மணி நேரம் இழுத்தால் அடுத்த ஊர்' என்கிறவனை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஆளை ஏமாற்றும். நாலு வழிச் சாலை, இருசக்கர வண்டிக்கு டோலும் கிடையாது. 70-80-ல் வைத்துக்கொண்டு நாளெல்லாம் போகலாம் போலிருக்கும். ஆனால் ஆடி மாதத்தில் காவல்கிணறு, பணகுடிப் பக்கம் போய்ப் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் மேல்காற்று இடது பக்கம் அறையும். வண்டியை அந்தப் பக்கம் லேசாகச் சாய்த்துப் பிடித்தால்தான் நேராகப் போகும். லாரியை முந்தும்போது காற்று சட்டென்று மறைபட, சாய்த்த வண்டி லாரியை நோக்கி நழுவும். தாண்டி வெளியே வந்ததும் மறுபடி ஓர் அறை. காலையில் கை தானாகவே இதைச் சமாளித்துக்கொள்ளும். எட்டு மணி நேரம் ஓட்டிய கை கொஞ்சம் தாமதிக்கும். அந்தக் கொஞ்சம் போதும்.

நாலு மணிக்கு நிறுத்தச் சொல்வதற்கு இன்னொரு காரணம், வண்டிக்குச் செய்ய வேண்டிய வேலை. வெளிச்சமும் வேண்டும், செயினில் சூடும் இருக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, பின் சக்கரத்தைக் கையால் சுற்றியபடி செயினின் உள்பக்கம் ஆயில் விட்டால் சூட்டில் நன்றாக இறங்கும். ராத்திரி முழுக்க ஊறிவிடுவதால் காலையில் தெறிக்காது. பிறகு கீழ்ச்செயினின் நடுவில் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஓரிடத்தில் தளர்வாகவும் ஓரிடத்தில் இறுக்கமாகவும் இருக்கும். இறுக்கமான இடத்தை வைத்துத்தான் டைட் வைக்க வேண்டும். தளர்ந்த இடத்தைப் பார்த்து வைத்தால் பேரிங் போய்விடும். கிளட்ச் கேபிளுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. பழைய கேபிள் போகும் வழியிலேயே புதியது ஒன்றைக் கூடவே ஓடவிட்டுக் கட்டிவைத்தால், அறுந்த இடத்தில் இரண்டு முனையை மாட்டினால் முடிந்தது.

(மொபைல் ஸ்டாண்டுக்குக் காட்டும் அக்கறையில் பாதியை இந்தச் செயினுக்குக் காட்டினால் தேவலை.)

மணாலி தாண்டினால் கணக்கு மாறும். டாண்டியில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு, லே வரைக்குமான பெட்ரோலைக் கேனிலும் வாங்கிக்கொள்வார்கள். டங்லங் லா கணவாய் 5,328 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான். வண்டியும் அந்த அளவுக்குத்தான் இழுக்கும். அதைவிடப் பெரிய விஷயம் சாலையைக் குறுக்கே வெட்டும் ஓடைகள். வெயில் ஏற ஏறப் பனி உருகி, காலையில் கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர் பிற்பகலில் சைலன்சரைத் தொடும். அதனால் நாலு மணிக் கதை அங்கே எடுபடாது. ஜிஸ்பாவில் தூங்கி, விடிந்ததும் கிளம்பி, ஓடைகளை வெயிலுக்கு முன் தாண்டிவிட வேண்டும். நேரமாகிவிட்டதே என்று சர்ச்சுவில் படுத்தால், 4,000 மீட்டருக்கு மேல் பழகாத உடம்பு ராத்திரி முழுக்கத் தலைவலியோடு விழித்திருக்கும். மறுநாள் ஓட்டப்போவதும் அதே உடம்புதான்.